வாசகர் கேட்டவை: கடல் தெரியும் வீடு

கேள்வி: நான் 28 ஆண்டுகளாகத் சிங்கப்பூரின் தெம்பனிசில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீட்டில் வசிக்கிறேன். எனக்கு வயது 64. என் மகன் செந்தோசா கோவில் ஒரு கூட்டுரிமை வீட்டை 2 ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறான். பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம், கடற்காற்று உடம்புக்கு நல்லது, தெம்பனிஸ் வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்கிறான். பணக்காரர்கள் வாழும் அந்தச் சின்னக் கடலோர ஊர் எனக்கு ஒத்துவருமா?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: ‘செந்தோசா கோவில்’ என்று படித்ததும், அங்கே கோயில் எப்போது எழுந்தது என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். ‘கோவ்’ என்ற பெயர் நம் வேற்றுமை உருபோடு சேர்ந்து செய்யும் குறும்பு அது. அங்கே கோயில் இல்லை. டெப்போ ரோட்டிலுள்ள ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயிலுக்குத்தான் போக வேண்டும். கார் இருப்பவருக்கு அது பக்கம், வெள்ளிக்கிழமைதோறும் நடந்தே போய்ப் பழகியவருக்குத் தொலைவு.

செந்தோசாத் தீவின் கிழக்கு முனையில், ஓரளவு கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் அமைந்த குடியிருப்புதான் கோவ். பிரிட்டிஷ் படைகள் தங்கியிருந்த காலத்தில் தீவின் பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. மரணத்தைப் பெயரில் சுமந்த அந்தத் தீவு, 1970களின் தொடக்கத்தில்தான் அமைதி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லுக்கு மாறியது. அமைதிக்கு அங்கே குறைவில்லை. உங்களுக்கு அது கூடுதலாகவே இருக்கும் என்பதுதான் என் கவலை. அங்கே ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் வீட்டிலேயே தமிழ் சொல்லிக்கொடுத்தேன். மாலை நான்கு மணிக்குத் தெருவில் நான் கண்டவர்கள் தோட்டக்காரர், பாதுகாவலர், நீச்சல்குளத்தைச் சுத்தம் செய்பவர், நாயோடு நடக்கும் பணிப்பெண் ஆகியோரே. வீட்டுக்காரர்களைக் காரின் கண்ணாடிக்குள்தான் பார்த்தேன். இருட்டியதும் அந்தத் தொழிலாளர்களிலும் பலர் பேருந்தேறித் தத்தம் வீடு திரும்பிவிடுவார்கள். தெம்பனிசில் புளோக்கின் கீழ்த்தளத்தில் சற்று நேரம் உட்கார்ந்தாலே நாலு பேர் “என்னக்கா, சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கோவில் (இந்த முறை நானே எழுதிவிட்டேன்) ஒரு வீவக புளோக்கும் கிடையாது, ஈரச்சந்தையும் கிடையாது. படகுத்துறையையொட்டி உணவகங்கள் உண்டு. அங்கே தனியாக உட்கார்ந்து ஒரு தேத்தண்ணீர் குடிக்க உங்களுக்கு மனம் வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே பழகிக்கொள்வது நல்லது. தீவுக்குள் ஓடும் பேருந்தில் பீச் நிலையம் வரை வந்து, அங்கிருந்து மோனோரயிலில் விவோசிட்டிக்குப் போய், கீழே ஹார்பர்ஃபிரன்ட்டில் வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் ஐந்தாவது நிலையம் லிட்டில் இந்தியா. வெளியே வந்தால் தேக்கா சந்தை. மூன்று வண்டி மாற வேண்டும் என்றாலும், இந்த வழி கைவந்துவிட்டால் மகனின் காருக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

கடற்காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த உப்பு இரும்பை விடாது. நான் பாடம் நடத்திய வீட்டில் கதவுக் கீல்களையும் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பல வீடுகளின் பின்புறம் தெரிவது அலையடிக்கும் கடலும் அல்ல, படகுகள் கட்டிய கால்வாய். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பலில் மோதி சுமார் 400 டன் எண்ணெய் கசிந்தபோது, செந்தோசாவின் கடற்கரைகளில் யாரும் நீராட முடியவில்லை.

இரண்டே ஆண்டு வாடகை ஒப்பந்தத்தை நம்பி 28 ஆண்டு வீட்டை விற்காதீர்கள். முதலில் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால், நீங்கள் குடிமகளாக இருந்து 5 ஆண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தையும் முடித்திருக்கும் நிலையில், வீவகவின் அனுமதி பெற்று முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம்.

கேள்வி: இந்தியக் குடிமகனான என் தம்பி செந்தோசா கோவ் பகுதியில் தரைவீடு வாங்க முடியுமா?
— வாசகர், பூன் லே

பதில்: விண்ணப்பிக்கலாம். நிரந்தரவாசி அல்லாத வெளிநாட்டவர் சிங்கப்பூரில் தரைவீடு வாங்க வழியுள்ள ஒரே வட்டாரம் அதுதான் என்பதால்தான் அதற்கு அந்த மவுசு. சிங்கப்பூர் நில ஆணையத்தின் அனுமதி வேண்டும். நிலம் 99 ஆண்டுக் குத்தகை. ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்கான கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. ஒரு கோடி வெள்ளி வீட்டுக்கு அந்த வரி மட்டுமே 60 லட்சம். வழக்கமான முத்திரை வரி தனி. அமெரிக்கா போன்ற சில நாட்டவருக்கு ஒப்பந்தப்படி சலுகை உண்டு, இந்தியருக்கு இல்லை.

கேள்வி: காத்தோங்கும் ஒரு காலத்தில் பணக்காரர்களின் கடற்கரை ஊராக இருந்தது என்கிறார் என் மாமா. அப்படியானால் கடல் எங்கே?
— வாசகர், மரீன் பரேட்

பதில்: நீங்கள் குடியிருக்கும் இடத்தில்தான் இருந்தது. 1966இல் தொடங்கி 1980கள் வரை நீடித்த கிழக்குக் கடற்கரை நிலமீட்புப் பணியில் சுமார் 1,525 ஹெக்டர் புதுநிலம் உருவானது. உங்கள் மரீன் பரேட் பேட்டை, விரைவுச்சாலை, பூங்கா எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. தோட்டத்துப் படிகளிலிருந்தே கடலில் இறங்கிய மாளிகைக்காரர்களுக்குக் கடைசியில் கிடைத்தது சாலை இரைச்சல். மாறாக, சிலோன் ரோட்டு ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலும் கடைத்தெருவும் இருந்த இடத்திலேயே இருப்பதால், கடல் விலகிய பிறகும் காத்தோங் ஊராகவே இருக்கிறது. செந்தோசாவைவிட எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். 2024 ஜூனில் ரயிலும் வந்துவிட்டது.

கடல் இன்னொரு முறையும் தள்ளிப்போகக்கூடும். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ‘லாங் ஐலண்ட்’ திட்டத்தில், உயரும் கடல்மட்டத்திலிருந்து அந்தக் கரையைக் காக்கவும் புதிய நீர்த்தேக்கம் அமைக்கவும் சுமார் 800 ஹெக்டர் நிலத்தைக் கடலுக்குள் உருவாக்க எண்ணியிருக்கிறார்கள். மாமாவை அழைத்துக்கொண்டு காத்தோங் பார்க் நிலையத்தில் ஒருநாள் இறங்குங்கள். கடல்வழியைக் காக்க 1879இல் கட்டிய கோட்டையின் சுவர்கள் அந்தப் பூங்காவின் மண்ணுக்குள் இருக்கின்றன. பழைய கரை எதுவரை வந்தது என்று அவரே காட்டுவார்.