நாய்த்தலை மனிதரும் ஒற்றைக்கால் மனிதரும்: பழைய பயணக் கதைகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மார்க்கோ போலோ ஒற்றைக்கொம்பு விலங்கைப் பார்த்தேன் என்கிறாரே, புளுகுதானே?

பதில்: இல்லை. சுமத்ராவில் அவர் கண்டது காண்டாமிருகம். எருமை ரோமம், யானைக் கால், தடித்த கறுப்புக் கொம்பு, சேற்றில் கிடக்கும் வழக்கம் எல்லாம் எழுதியிருக்கிறார். ஐரோப்பியக் கதைகளில் வரும் ஒற்றைக்கொம்பு விலங்கு போல இது இல்லவே இல்லை என்றும் சேர்த்திருக்கிறார். கண்ணால் கண்டவரின் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

கேள்வி: அந்தமானில் நாய்த்தலை மனிதர் என்கிறாரே, அதுவும் கண்டதா?

பதில்: அது கேள்விப்பட்டது. இந்தியாவில் நாய்த்தலையர் உண்டு என்று கிரேக்கர் கெட்டீசியாஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே எழுதிவிட்டார். அந்தக் கதைதான் தீவு தீவாக இடம் மாறிக்கொண்டே வந்தது.

கேள்வி: ஒற்றைக் காலையே குடையாகப் பிடித்துப் படுத்திருக்கும் மனிதர்கள் இந்தியாவில் உண்டு என்று ஐரோப்பியர் நம்பினார்களாமே?

பதில்: பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். அதை உடைத்தவர் மரிஞ்ஞோல்லி என்ற துறவி. எனக்கு மிகவும் பிடித்த பயணி. 1338இல் போப்பாண்டவர் அனுப்பிய தூதுக்குழுவோடு சீனாவுக்குப் போய், திரும்பும் வழியில் கொல்லத்தில் தங்கினார். அப்படி ஓர் இனமே கிடையாது, இந்தியர் வெயிலுக்கும் மழைக்கும் கம்பு வைத்த குடை பிடிப்பார்கள், அதைத்தான் கவிஞர்கள் காலாக்கிவிட்டார்கள் என்று எழுதினார். சொன்னதோடு விடாமல் ஒரு குடையை பிளாரன்சுக்கே கொண்டுபோனார்! மிளகு பற்றிய புரளியையும் அவர் விடவில்லை. பாம்புகளை விரட்டக் காட்டுக்குத் தீ வைப்பதால்தான் மிளகு கறுப்பாகிறது என்பது அன்றைய நம்பிக்கை. மிளகுக் கொடி வளர்வது தோட்டத்தில், அதை யாரும் எரிப்பதில்லை என்று நேரில் பார்த்து மறுத்தார்.

கேள்வி: கிழக்கு நாடுகள் பற்றிப் பயண நூல் எழுதியவராகச் சொல்லப்படும் ஜான் மாண்டவில் உண்மையிலேயே பயணம் செய்தாரா?

பதில்: 1322இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டதாக அந்த நூல் சொல்கிறது. ஆனால் இந்தியா, சீனா பற்றிய பகுதிகளில் பெரும்பாலானவை ஓடோரிக் என்ற இத்தாலியப் பாதிரியாரின் பயணக் குறிப்பிலிருந்து எடுத்தவை. ஓடோரிக் நிஜமாகவே இங்கெல்லாம் அலைந்தவர். அவரைவிட மாண்டவிலுக்கே வாசகர் அதிகம் என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

கேள்வி: போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியதை நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம். முத்துக்குளிப்பில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கோடு சொல்கிறார். கடல் கடந்து வந்த குதிரைகள் சரியான பராமரிப்பில்லாமல் செத்ததையும் எழுதியிருக்கிறார். முதலில் இந்தப் பகுதியைப் படியுங்கள்.