கச்சானுக்கு எந்தச் சில்லு?

மட்டக்களப்பில் மேற்கே இருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்கு வருகிற கேள்விகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சைக்கிள் சில்லு, சில்லுக் கம்பி, மறுபடியும் சில்லு. இந்த முறை வந்தவற்றில் சில.

அண்ணன், 50 மில்லிமீற்றர் ஆழமான கார்பன் றிம் (சில்லின் வெளி வளையம்) இரண்டு எடுக்க யோசிக்கிறேன். கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய்வருவேன். என் எடை 58 கிலோ.

தம்பி, பின்னுக்கு எடுங்கள். முன்னுக்கு வேண்டாம்.

பின் சில்லு பிரேமில் இறுகி நிற்கிறது. அதில் காற்று பட்டால் சைக்கிள் கொஞ்சம் தள்ளப்படும், அவ்வளவுதான். முன் சில்லு ஹாண்டிலோடு சேர்ந்து திரும்புவது. ஆழமான றிம்மில் பக்கக் காற்று பட்டால் ஹாண்டிலையே பிடித்துத் திருப்பும். ஒரே சீராக வீசுகிற காற்றுக்கு உடம்பு பழகிவிடும். மதில், வீடு, மதில் என்று மறைவிலேயே வந்துவிட்டுத் திடீரென்று ஒரு வெளி வரும் பாருங்கள், அங்கேதான் ஆபத்து.

நம்முடைய தெரு கடலுக்கும் வாவிக்கும் நடுவே வடக்குத் தெற்காக ஓடுகிறது. கச்சான் வாவிப் பக்கமிருந்து குறுக்கே வரும். களுவாஞ்சிக்குடிக்குப் போகும்போது அது உங்களைத் தெருவோரத்துக்குத் தள்ளும். திரும்பி வரும்போது நடுத் தெருவுக்கு, பஸ் வருகிற பக்கத்துக்குத் தள்ளும். நான் ஒருமுறை இரவல் வாங்கிய 60 மில்லிமீற்றர் முன் சில்லோடு கல்லடிப் புதுப் பாலத்தில் டவுன் பக்கம் வந்தேன். பாலத்தின் நடுவில் ஒரே ஒரு வீச்சு, ஒரு முழம் வலப்பக்கம் போய்விட்டேன். பின்னால் வந்த லொறிக்காரர் ஹோர்னை அழுத்தியது இன்னும் காதில் நிற்கிறது. அப்போது என் எடை உங்களுடையதை விட 20 கிலோ அதிகம், அப்படியும் தள்ளிவிட்டது.

முன்னுக்கு 25 முதல் 35 வரை போதும். றிம்மின் உள்விளிம்பு கூராக இல்லாமல் உருண்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கூரான பழைய வடிவம்தான் பக்கக் காற்றில் அதிகம் தடுமாறும்.

தட்டைக் கம்பி போட்டால் வேகம் கூடுமா? விலை கூடவாக இருக்கிறதே.

கூடும், கொஞ்சம். நீங்கள் 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால் சில்லின் உச்சி 60 கிலோமீற்றர் வேகத்தில் முன்னே போகிறது. அங்கே கம்பி காற்றை வெட்டுகிற விதத்தில் ஒரு பலன் உண்டு. போட்டிக்குப் போகிறவருக்கு அது பெறுமதி. மற்றவர்கள் அந்தக் காசை நல்ல ரயருக்குக் கொடுக்கலாம்.

நான் சிபாரிசு செய்வது நடுவில் மெலிந்த கம்பி: இரண்டு நுனியும் 2.0 மில்லிமீற்றர், நடு 1.8. மெலிந்தது சீக்கிரம் உடையும் என்று கடையில் சொல்வார்கள். உண்மை மறுபக்கம். கம்பி நடுவில் உடைவது அபூர்வம். சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் வளைகிற இடத்தில், அல்லது கம்பியை றிம்மில் இறுக்குகிற நிப்பிளின் மரையில்தான் உடையும். நடு மெலிந்தால் அங்கே கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், வளைவில் விழுகிற அடி குறையும்.

கல்முனையில் இருந்து எழுதுகிறேன். பின் சில்லில் வலப்பக்கக் கம்பி மூன்று தரம் உடைந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் ஒன்றை மாற்றினேன். றிம் பிழையா?

றிம்மை விடுங்கள். மூன்றும் வளைவிலேயே உடைந்திருந்தால் மற்றக் கம்பிகளும் களைத்துப் போயிருக்கின்றன. ஒன்றை மாற்றினால் அடுத்தது போகும். ஒரு கம்பி றிம்மின் அடிப்பக்கம் வரும்போது தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. ஒரு கிலோமீற்றருக்குள் இது ஏறத்தாழ 475 தரம் நடக்கும். சில்லு தளர்வாகக் கட்டப்பட்டிருந்தால் இந்த ஆட்டம் பெரிதாகிக் கம்பி சீக்கிரம் முறியும்.

எல்லாக் கம்பியையும் மாற்றி, முழுக்கப் புதிதாகக் கோர்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் நீங்களே சோதிக்கலாம். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று 'தொம்' என்றால் அது தளர்ந்த கம்பி. பின் சில்லில் வலப்பக்கச் சுருதி இடப்பக்கத்தை விடக் கூடவாகத்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மீன் பாடுகிற ஊர்ப் பக்கம் கம்பியும் பாடட்டும். சுருதி பிசகாமல் இருந்தால் சரி.

சில்லு நேராக ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கிள் (சில்லின் கோணல்) எடுக்கத் தெரிந்த யாரும் தளர்ந்த கம்பிகளை வைத்தே ஒரு கிழமைக்கு நேராக ஓட வைக்கலாம்.

டிஸ்க் பிரேக் உள்ள முன் சில்லுக்குக் கம்பியைக் குறுக்காமல் நேராகக் கோர்க்கலாமா?

கூடாது. பிரேக் பிடிக்கிற முறுக்கு ஹப்பிலிருந்து றிம்முக்குப் போக வேண்டும். அதற்குக் கம்பிகள் குறுக்காக இருக்க வேண்டும்.

வீடு கடற்கரையோரம். கம்பியும் நிப்பிளும் துருப்பிடிக்கின்றன.

துருப்பிடிக்காத உருக்குக் கம்பியும் பித்தளை நிப்பிளும் போடுங்கள். அலுமினிய நிப்பிள் பாரம் குறைவு, நிறமும் வடிவு. ஆனால் உப்புக் காற்றில் கம்பியோடு ஒட்டிப்போய், திருப்பினால் உடையும். கட்டும்போதே மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள்.

மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போகும்போது கச்சான் முகத்தில் அடிக்கிறது. எந்தச் சில்லு போட்டால் சுகமாகப் போகலாம்?

எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் இராது. எதிர்க்காற்றை அதிகம் பிடிப்பது உங்கள் உடம்புதான், தங்கச்சி. முழங்கையை மடக்கிக் குனியுங்கள், காற்றில் அடிக்கிற தொளதொள சேர்ட்டை மாற்றுங்கள், கியரை இரண்டு இறக்குங்கள். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும்.