கறுப்புத் துணிக்குள் ரெசின் எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

கேள்வி: பந்தயக் கார் கட்டும் கல்லூரி மாணவர்கள் நாங்கள். கார்பன் துணியை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் பை ஒட்டி, வேக்யூம் வைத்து ரெசினை (பாகாக ஓடிப் பிறகு கெட்டியாக இறுகும் பிசினை) இழுக்கிறோம். 30 செ.மீ. துண்டு முழுக்க நனைய 13 நிமிடம் ஆனது. அப்படியென்றால் 60 செ.மீ. தகட்டுக்கு 26 நிமிடம் போதும் என்று, அரை மணி நேரம் இறுகாமல் தாங்கும் ரெசினைக் கலந்தோம். 45 செ.மீ. தொட்டதும் இறுகி நின்றுவிட்டது. கெட்டது ரெசினா, துணியா?

பதில்: இரண்டிலும் பழுதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும் என்பதை மட்டும் கணக்கில் விட்டுவிட்டீர்கள். 60 செ.மீ.க்கு 52 நிமிடம் வேண்டும். 45 என்பது 30-ஐப் போல ஒன்றரை மடங்கு. அதன் வர்க்கம் இரண்டே கால். 13 நிமிடத்தை அதனால் பெருக்குங்கள், 29 வரும். ரெசின் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறது. அந்த அளவுக்கு நீங்கள் கவனமாகக் குறித்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ரெசினைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம், சுமார் ஒரு பார். பம்பு எவ்வளவு பெரிதானாலும் அதற்கு மேல் கிடைக்காது. ரெசின் 5 செ.மீ. போயிருக்கும்போது, நனைந்த 5 செ.மீ. துணியின் தடையை மட்டும் அந்த ஒரு பார் சமாளித்தால் போதும். 45 செ.மீ. வந்தபிறகோ, பின்னால் நனைந்து கிடக்கும் துணி முழுவதும் தடை கொடுக்கிறது. பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீருக்காக உழைத்த ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுக் கண்டு 1856-ல் வெளியிட்ட விதி இதுதான். உங்களிடம் மணலுக்குப் பதில் 7 மைக்ரான் தடிமனுள்ள இழைகள். தண்ணீருக்குப் பதில் அதைவிட இருநூறு மடங்கு பாகான ரெசின்.

துணி எவ்வளவு எளிதாக வழிவிடுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு: ஊடுருவுதிறன். தூரத்தின் வர்க்கத்தைத் துணியின் காலியிட விகிதத்தாலும் ரெசினின் பாகுத்தன்மையாலும் பெருக்கி, அழுத்தத்தையும் நேரத்தையும் பெருக்கியதின் இரு மடங்கால் வகுத்தால் அது வரும். காலியிடம் 45 சதவீதம், பாகுத்தன்மை 0.2 பாஸ்கல்-செகண்ட் என்று கொண்டால், உங்கள் துணிக்கு ஏறக்குறைய 5×10⁻¹¹ சதுர மீட்டர். நெய்த துணிக்கு நம்பத்தக்க எண்தான்.

ஆனால் ஒரே ஓட்டத்தை நம்பி எண்ணைச் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லி நான் ஒரு பெரிய தகட்டை இழந்திருக்கிறேன். சோதனைத் துண்டின் இரு ஓரத்திலும் துணிக்கும் பை ஒட்டும் டேப்புக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி இருந்தது. ரெசினுக்கு அது ராஜபாட்டை. ஓரத்தில் 8 செ.மீ. முந்தி ஓடி, அங்கிருந்து நடுவுக்குள் கசிந்தது. ரெசினின் முன்விளிம்பு கொம்பு முளைத்ததுபோல் இருந்ததைக் கண்டும், சராசரி எடுத்துக் கணக்குப் போட்டேன். உண்மையைவிட இரு மடங்கு வந்தது. பெரிய தகட்டில் அந்த ஓர வழி உதவவில்லை. மூன்று நாள் அடுக்கிய துணி நடுவில் காய்ந்தே போனது. இன்று டேப்பைத் துணியோடு ஒட்டி அழுத்திவிட்டுத்தான் தொடங்குவேன். முன்விளிம்பு நேர்கோடாக வராத ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, கைபேசியில் படம் பிடித்து, ஒவ்வொரு கோட்டையும் தொடும் நேரத்தை எழுதுங்கள். தூரத்தின் வர்க்கத்தை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அளவு சரி. மேற்பாதியில் கோடு படுத்துவிட்டால் ரெசின் கெட்டியாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் சோதனைக்கு ரெசினே வேண்டாம், தாவர எண்ணெய் போதும் என்பேன். அறையின் வெப்பநிலையில் அதன் பாகுத்தன்மையை மட்டும் அளந்துகொள்ளுங்கள். சிலிகான் எண்ணெயைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள். ஒரு துளி பட்ட இடத்தில் பெயின்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது.

அடுக்குகளின் எண்ணிக்கையும் அழுத்தமும் உண்மைத் தகட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இழையின் பங்கு 50-லிருந்து 60 சதவீதமாக நெருங்கினாலே, இழைகளின் நெருக்கத்திலிருந்து ஊடுருவுதிறனைக் கணிக்கும் கோசனி-கார்மன் சூத்திரப்படி அது ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே துணியை அவரவர் முறையில் அளந்து 2011-ல் வெளியிட்ட ஒப்பீட்டில் விடைகள் பத்து மடங்கு வரை வேறுபட்டன. எல்லோரும் ஒரே முறைக்கு வந்த பிறகுதான் அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. ஐந்து முறையாவது அளந்துவிட்டுப் பேசுங்கள்.

அடுத்த தகட்டுக்கு ரெசினை மாற்ற வேண்டாம். ஊற்றும் குழாயை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, இரு முனையிலும் வேக்யூம் வையுங்கள். இரு பக்கமும் 30 செ.மீ. தான், 13 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: துணியின் மேல் ஃப்ளோ மெஷ் (ரெசின் விரைந்து பரவ உதவும் வலை) விரித்துத்தான் செய்கிறேன். மேல்பக்கம் முழுக்க நனைந்து தெரிகிறது. பிரித்தால் அடிப்பக்கம் உலர்ந்த திட்டுகள். கண்ணாடி இழையில் இந்தத் தொல்லை வரவில்லையே?

பதில்: கண்ணாடி இழை நனைந்தால் ஒளி ஊடுருவும்; அடிவரை நனைந்ததா என்பது ஓரளவு கண்ணுக்கே தெரியும். நனையாத இடத்தைக் கண்டு, உங்களை அறியாமலேயே பொறுத்திருந்து சரிசெய்திருப்பீர்கள். கார்பன் கறுப்பு, மேல் அடுக்குக்குக் கீழே எதுவும் தெரியாது. மெஷ் வழியே ரெசின் விரைந்து ஓடுகிறது, ஆனால் தடிமன் வழியே இறங்கும்போது ஊடுருவுதிறன் மிகவும் குறைவு. மேலே உள்ள விளிம்பு வேக்யூம் குழாயைத் தொடும்போது கீழே உள்ளது பல செ.மீ. பின்தங்கி நிற்கும். அந்தப் பின்தங்கலைத்தான் நீங்கள் அளக்க வேண்டும்.

ஒரே ஒரு முறை, மோல்டுக்குப் பதிலாகத் தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் அதே அடுக்கைப் போடுங்கள். மேலே ஒரு கேமரா, கண்ணாடிக்கு அடியில் ஒரு கேமரா. இரண்டு விளிம்புக்கும் இடையே எத்தனை செ.மீ. என்று பாருங்கள். மெஷ்ஷை வேக்யூம் குழாய்க்கு அந்த அளவு முன்பாகவே வெட்டி நிறுத்துங்கள். மெஷ் முடிந்த இடத்தில் மேல் விளிம்பின் வேகம் தளரும். கீழே வருவது அதற்குள் வந்து சேர்ந்துவிடும்.