இரைப்பைப் பட்டை: முடிவெடுக்கும் முன்

கேள்வி: என் உடல் எடைக் குறியீடு 36. நீரிழிவும் உண்டு. இரைப்பைப் பட்டை அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? எப்படித் தயாராவது?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: ஆசியர்களுக்கு, நீரிழிவும் இருந்தால் 32.5-இலிருந்தே அறுவை சிகிச்சையைப் பரிசீலிப்பார்கள். ஆனால் பட்டைதான் வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடாதீர்கள். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி மாட்டும் சிலிகான் வளையம் அது. தோலுக்கடியில் வைத்த போர்ட் (ஊசி ஏற்றும் சிறு வாயில்) வழியாக உப்புநீர் ஏற்றி இறுக்குவார்கள். அதற்காகப் பலமுறை போய்வர வேண்டும். வளையம் நழுவலாம், இரைப்பைச் சுவரை அரிக்கலாம். அதனால்தான் இப்போது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவ் முறையே அதிகம். இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் பற்றியும் கேளுங்கள்.

அறுவைக்கு முன் சுமார் 2 வாரம் மாவுச்சத்து குறைந்த உணவு. கல்லீரல் சுருங்குவதற்காகத்தான். அதன் இடது மடல் இரைப்பையின்மேல் படிந்திருக்கும்; கொழுப்பேறிப் பெருத்திருந்தால் கருவியை நுழைப்பதே சிரமம். அந்த நாள்களில் இன்சுலின், மாத்திரை அளவை மருத்துவரைக் கேட்டு மாற்றியே ஆக வேண்டும். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தயவுசெய்து இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

சாப்பிடும் முறையை இன்றே மாற்றுங்கள். தோசையைச் சின்னதாகப் பிய்த்து, கூழாகும்வரை மெல்லுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். ரொட்டியும் குழைந்த சோறும் வளையத்தில் சிக்கும். தே தாரிக், மைலோ போன்ற இனிப்புப் பானங்களோ தடையின்றி இறங்கும், எடை குறையாது.

மருத்துவக் காரணம் இருப்பதால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பற்றி மருத்துவமனையில் விசாரியுங்கள்.