அறுவைக்குப் பின் சிறுநீர் அடைக்காமலிருக்க முன்கூட்டியே மாத்திரை தரலாமா?

குடலிறக்க அறுவைக்குப் போகும் தந்தைக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளாமலிருக்க முன்கூட்டியே மாத்திரை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் மருத்துவர் அதை எழுதித் தருவதற்குரிய செய்தி அவர் காதுக்குப் போக வேண்டும். நான் மருத்துவனல்லன், கோபிசெட்டிபாளையம் பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவரின் மகன்.

அப்பாவுக்கு 68 வயதில் ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் வலப்பக்கக் குடலிறக்க அறுவை நடந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம், பல் செட்டு வரை கேட்டு எழுதியவர்கள், இரவில் எத்தனை முறை எழுந்து போகிறார் என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் பொடக்காலி (கொல்லைப்புற) விளக்கு இரவில் நான்கு முறை எரியும். மருமகள் பக்கத்தில் நின்றதால் அவராகவும் சொல்லவில்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் கால்களுக்கு உணர்வு திரும்பிய பிறகும் சிறுநீர்ப்பை விழித்துக்கொள்ள நேரமாகும், அதற்குள் சலைன் இறங்கிப் பை நிரம்பிவிடும், சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்குள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கியவருக்கோ வழியும் குறுகல் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்றிரவு செவிலியர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்திலாவது வருமா என்று பார்த்தார். "முட்டுது கண்ணு, வரமாட்டீங்குது" என்று வியர்த்து நின்றவரின் அடிவயிறு தேங்காய் போலக் கெட்டித்திருந்தது. டியூப் போட்டதும் 900 மில்லி இறங்கியது.

அடுத்த ஆண்டு இடப்பக்கம். இம்முறை பொடக்காலி விளக்கின் கதையை நானே முதலில் சொல்லிவிட்டேன். மருத்துவர் சில நாள் முன்பிருந்தே இரவு உணவுக்குப் பின் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். அது புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்துமே தவிர, மரத்துப்போன பையை எழுப்பாது. ஆய்வுகளிலும் சிலவற்றில் அடைப்புக் குறைந்திருக்கிறது, சிலவற்றில் வேறுபாடே இல்லை. ஆகவே, மாத்திரையால்தான் அடைக்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம் எனச் சண்டைக்கு வர வேண்டாம். அன்று சலைனையும் அளந்தே ஏற்றினார்கள், சீக்கிரமே நடக்கவும் வைத்தார்கள். இம்மாத்திரையால் எழுந்ததும் தலைசுற்றலாம், சற்று உட்கார வைத்துப் பிறகு எழுப்புங்கள். கண்புரை அறுவை பாக்கியிருந்தால் கண் மருத்துவரிடமும் இம்மாத்திரையைச் சொல்லிவிடுங்கள், கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரை (ஐரிஸ்) தளர்ந்து அறுவையைச் சிக்கலாக்கக்கூடும்.

அன்று மாலை சலைன் கம்பியைப் பிடித்தபடி குளியலறையிலிருந்து வெளியே வந்த அப்பா, "போயிருச்சு கண்ணு" என்று வார்டுக்கே கேட்கும்படி அறிவித்தார். மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.