முசார் பாட்டிலோடு ஞாயிறு விருந்துக்குப் போகும் தம்பிக்கு

பெய்ரூட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, அலுவலக நண்பர் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், ஷாத்தோ முசார் சிவப்பு ஒயின் வாங்கியாகிவிட்டது, எதோடு சேரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, மின்வெட்டு நேரத்துக்கான ஜெனரேட்டர் சந்தா பற்றியும். அவை தெருவுக்குத் தெரு மாறும், உங்கள் கட்டிடக் காவலாளி நாத்தூரிடம் கேட்டாலே போதும். ஒயின் விஷயத்தில்தான் வந்த புதிதில் எல்லோரும் சறுக்குகிறோம்.

நம் ஊரில் ஒயின் ஷாப் என்றாலே பிராந்திக் கடை. அந்தப் பழக்கத்தில் நம்மவர்கள் பலர் இதையும் நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் போட்டு, கோக் கலந்து குடிக்கிறார்கள். பார்த்தாலே வயிறு எரிகிறது. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் விளையும் கபர்னே சோவிஞோன், சான்ஸோ, கரிஞான் திராட்சைகளைத் தனித்தனியே புளிக்க வைத்து, ஓக் பீப்பாயில் ஓராண்டு ஊறவிட்டு, பிறகு கலந்து, பாட்டிலிலும் வருடக்கணக்கில் கிடத்தி, ஏழாவது ஆண்டில்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். அதன் தலையில் கோக்கா?

குளிர் அதிகமானால் துவர்ப்பு மட்டும் நாக்கைப் பிடிக்கும், மணம் எழாது. அதற்காகக் கோடையில் வெளியிலேயே விட்டுவிடவும் கூடாது. 16 முதல் 18 டிகிரிதான் கணக்கு. மேசைக்கு வரும் முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் சரியாக இருக்கும். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். சூட்டில் தக்கை மேலே தள்ளி, ஓரமாகக் கசிந்து, காய்ச்சிய ஜாம் போல ருசி மாறிவிடும்.

இது வடிகட்டாத ஒயின், அடியில் வண்டல் இருக்கும். சனிக்கிழமையே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். போகும்போது மடியில் நேராகப் பிடித்துக்கொண்டு போங்கள். திறந்ததும் கண்ணாடிக் குடுவையில் மெதுவாக ஊற்றி, கழுத்தருகே கருப்பாகத் துகள் வந்ததும் நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். முதலில் லேசாகக் காடி வாசம், சில சமயம் நகப்பூச்சு வாசம் வரும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், முசாரின் சுபாவமே அது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால்தான் தக்கைக் கோளாறு. அது காற்றாடினாலும் போகாது.

சாப்பாட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் மெஸ்ஸே என்கிற சின்னச் சின்னத் தட்டுகள் வரும்: தபூலே என்கிற பார்ஸ்லி இலை சாலட், ஃபத்தூஷ் என்கிற ரொட்டித்துண்டு சாலட், ஊறுகாய், வேகாத இறைச்சியைக் கோதுமை நொய்யோடு அரைத்த கிப்பே. அதற்கு அரக் என்கிற சோம்பு மணக்கும் திராட்சைச் சாராயம்தான். ஒரு பங்கு அரக், இரண்டு பங்கு தண்ணீர், கடைசியில் ஐஸ். ஐஸை முதலில் போட்டால் மேலே ஆடை கட்டும். தபூலேயின் எலுமிச்சைப் புளிப்புக்கும் தூம் என்கிற பச்சைப்பூண்டு விழுதுக்கும் முன்னால் சிவப்பு ஒயின் நிற்காது, தகரம் கடித்த மாதிரி இருக்கும். கரியில் வாட்டிய கஃப்தா என்கிற கொத்துக்கறி, ஆட்டு விலாக்கறி, வறுத்த கிப்பே வரும் நேரம்தான் முசாரின் நேரம். கொழுப்பு துவர்ப்பை வாங்கிக்கொள்ளும், கறியில் சேரும் ஏழு மசாலாக் கலவையின் பட்டை வாசமும் கிராம்பு வாசமும் ஒயினிலுள்ள உலர்பழ மணத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் என்னைக் கேட்டால் இறைச்சியைவிட முஜத்தராதான் பொருத்தம்: மசூர் பருப்பும் அரிசியும் வெந்து, மேலே கருகக் கருக வறுத்த வெங்காயம். அந்த வெங்காய இனிப்போடு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நம் மீன்குழம்போடு வேண்டாம். மிளகாய்க் காரத்தில் ஒயின் எரியும்.

வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் பாட்டிலைப் பார்த்ததும் லெபனான் உள்நாட்டுப் போர்க்காலப் பேச்சு வரும். முசாரின் தோட்டம் பெக்காவில், ஒயின் ஆகும் கிடங்கு மலைக்கு இந்தப்புறம், கஸீர் என்கிற ஊரில். சண்டை நடந்த வருடங்களிலும் லாரிகள் திராட்சையோடு மலையைத் தாண்டி வந்திருக்கின்றன. 1976இல் ஒயினே போடவில்லை. அவர் பேசும்போது அவசரப்படாமல் கேளுங்கள். மதியச் சாப்பாடு இங்கே சாயங்காலம் வரை போகும்.

மிச்சமிருந்தால் தக்கையைத் திரும்பச் செருகி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். மறுநாளும் நன்றாகவே இருக்கும், சில சமயம் முதல் நாளைவிட.