வாசகர் கேள்விகள்: வாய்க்கால் சுவரும் ஓர் ஓவியரும்

சென்ற இதழில் அமெரிக்கச் சுவரோவியங்களைப் பற்றி எழுதியபோது ஜூடி பாக்கா என்ற சிகானா ஓவியரின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர் என்று சொன்னால் போதாதா? 'சிகானோ' என்ற தனிப் பெயர் எதற்கு?
கல்லூரி மாணவர், விழுப்புரம்

முன்னது பிறப்பைச் சொல்லும் பெயர். பின்னது ஒருவர் தாமாக விரும்பி ஏற்றுக்கொள்ளும் பெயர். அமெரிக்காவுடனான போரில் தோற்ற மெக்சிகோ, 1848-ஆம் ஆண்டின் குவாதலூப் இதால்கோ உடன்படிக்கையின் வழியாக இன்றைய கலிபோர்னியா உள்ளிட்ட பெரும் நிலப்பரப்பை இழந்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் வீட்டு வாசலைத் தாண்டாமலேயே வேறொரு நாட்டவர் ஆனார்கள். பிற்காலத்தில் வயல் வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்தவர்கள் இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஏளனமாக வழங்கிவந்த 'சிகானோ' என்ற சொல்லை 1960-களின் இளைஞர்கள் வேண்டுமென்றே எடுத்துச் சூடிக்கொண்டார்கள். வெள்ளையர் கண்ணால் தன்னைப் பார்த்துக்கொள்ளாத மெக்சிகோ அமெரிக்கரே சிகானோ என்ற பொருளில் பத்திரிகையாளர் ரூபன் சலசார் 1970-இல் விளக்கம் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் வியட்நாம் போருக்கு எதிரான பேரணி கலைக்கப்பட்ட பிற்பகலில், காவலர் ஒருவர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு அவர் இறந்தார். பெண்பாலில் 'சிகானா' என்பார்கள்.

ஏறத்தாழ 840 மீட்டர் நீளச் சுவரை ஒரு பெண் வரைந்தார் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி முடியும்?
ஓவிய ஆசிரியை, கும்பகோணம்

அம்மா, பிழை என்னுடையது. அவர் மட்டும் வரையவில்லை. 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் வரைந்தார்கள். வரைய வைத்தவர் அவர். சொல்லப்போனால், அவருடைய கலையில் பாதி அந்த வரைய வைத்தலில்தான் இருக்கிறது.

1946-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த பாக்கா, வியட்நாம் போரை எதிர்த்ததால் ஆசிரியை வேலையை இழந்தபின், நகரப் பூங்காக்களில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் வேலைக்குப் போனார். பாயில் ஹைட்ஸ் பகுதியில் அவருக்குக் கிடைத்த மாணவர்களில் பலர், தெருவுக்குத் தெரு பகை வளர்த்த கும்பல்களைச் சேர்ந்தவர்கள். ஒரு கும்பலின் பையன் மற்றொரு கும்பலின் தெருவில் கால் வைக்க முடியாத நிலையில், அவர்களை ஒரே சுவரின் முன்னால் நிறுத்தி, ஹாலன்பெக் பூங்கா மேடையில் 1970-இல் அவர் தீட்ட வைத்தது இரு கைகளையும் விரித்து நிற்கும் ஒரு பாட்டியின் உருவம். அடித்துக்கொள்ளும் பேரப்பிள்ளைகள்கூடப் பாட்டிக்கு முன்னால் சற்று அடங்கித்தானே போவார்கள்!

இந்த அனுபவத்தோடுதான் அவர் பெரிய சுவருக்கு வந்தார். சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஓடும் துஹுங்கா ஓடையை, வெள்ளத் தடுப்புக்காக, இருபுறமும் அடியிலும் கான்கிரீட் பூசி வாய்க்காலாக்கிவிட்டிருந்தார்கள். அதன் கரையை அழகுபடுத்தும் திட்டத்துக்காக ராணுவப் பொறியாளர் பிரிவு 1974-இல் பாக்காவை அணுகியது. கத்திக்குத்துத் தழும்பின் மேல் பச்சை குத்திக்கொண்ட ஓர் இளைஞனை அவர் அறிவார். கான்கிரீட் வாய்க்காலும் அவர் கண்ணுக்கு ஆறு ஓடிய இடத்தில் விழுந்த தழும்பாகவே பட்டது. அதன் மேல் குத்திய பச்சை என்றுதான் தம் ஓவியத்தை அவர் இன்றும் சொல்கிறார்.

வெள்ள வாய்க்கால் என்பதால் கோடையில் மட்டுமே வேலை நடக்கும். 1976-இல் தொடங்கி 1983 வரை ஐந்து கோடைகளில், சட்டத்தின் பிடியில் சிக்கியிருந்த பிள்ளைகள் உட்படப் பல இனத்துப் பதின்வயதினர் கூலி பெற்றுக்கொண்டு, தலைக்கவசத்துடன் சாரத்தில் ஏறி வரைந்தார்கள். வரலாற்று அறிஞர்களும் முதியவர்களும் வந்து கதை சொன்னார்கள். இடையில், 1977-இல், மெக்சிகோவின் குவெர்னவாகாவுக்குச் சென்று, மறைந்த மெக்சிகோ சுவரோவியர் சிக்கேரோஸின் பட்டறையில் பாக்கா பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

சுவரில் உள்ளவை பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட செய்திகள்: 1930-களில் ரயிலேற்றி அனுப்பப்பட்ட மெக்சிகோ அமெரிக்கர்கள், இரண்டாம் உலகப்போரின்போது முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள். எனக்குப் பிடித்த பகுதி ஒன்றில், நெடுஞ்சாலைகள் பாம்புகளைப்போல வளைந்து ஒரு குடும்பத்தைப் பிரிக்கின்றன. சாவேஸ் ரவீன் குடியிருப்பு அகற்றப்பட்ட இடத்தில் எழுந்த பேஸ்பால் மைதானமோ பறக்கும் தட்டாக வானத்திலிருந்து இறங்குகிறது. குடியிருந்தவர்களுக்கு அது அப்படித்தான் தோன்றியிருக்கும்.

சிகானோ இயக்கத்துக்காக வரைவது பிரச்சாரம்தானே? அதைக் கலை என்று எப்படி ஒப்புக்கொள்வது?
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், சேலம்

பிரச்சாரமும்தான். அதனாலேயே கலையல்ல என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1965-இல் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் தொடங்கி, பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் சங்கம் சேர்ந்துகொண்ட வேலைநிறுத்தம் ஐந்து ஆண்டு நீடித்தது. அந்தச் சங்கக் கொடியின் கருங்கழுகைப் பாருங்கள்: இறகுகள் படிக்கட்டுபோல நேர்கோடுகளால் ஆனவை. தூரிகை பிடித்தறியாத தொழிலாளியும் துணியில் எளிதாக வரைந்துகொள்ள வேண்டும் என்றே அப்படி அமைத்தார்கள். அழகியல் முடிவு என்பது இப்படியும் பிறக்கும்.

இன்னொன்று, எஸ்தர் எர்னாண்டஸ் 1982-இல் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சிட்ட 'சன் மேட்' (Sun Mad). அவர் பிறந்தது திராட்சை விளையும் தினூபா என்ற ஊரில், பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில். அங்கே குடிநீரில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தெரியவந்தபின், எல்லோருக்கும் பழகிப்போன 'சன்-மெய்ட்' (Sun-Maid) உலர்திராட்சைப் பெட்டியை அப்படியே வரைந்து, அதில் சிரிக்கும் பெண்ணை மட்டும் எலும்புக்கூடாக மாற்றினார். சிவப்புத் தொப்பியும் திராட்சைத் தட்டும் அப்படியே இருக்கின்றன. பெட்டியை அறிந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. பார்த்த நொடியில் உள்ளங்கை கூசும்.

பொது இடத்தில் நிற்கும் படைப்புக்கு எதிர்ப்பு வந்தால் கலைஞர் என்ன செய்வார்? அருங்காட்சியகத்துக்குள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே?
வாசகி, யாழ்ப்பாணம்

முதல் கேள்விக்குப் பாக்காவின் வாழ்விலேயே பதில் இருக்கிறது. பால்ட்வின் பார்க் ரயில் நிலையத்தில் 1993-இல் அவர் அமைத்த நினைவு வளைவில், உள்ளூர் மக்களின் குரல்களாகச் சில வாக்கியங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 'அவர்கள் வருவதற்கு முன் நன்றாக இருந்தது' என்பது அவற்றில் ஒன்று. வெள்ளையர் வருகையைப் பழிக்கும் வரி அது என்று கொண்ட குடியேற்ற எதிர்ப்புக் குழுவொன்று 2005-இல் அங்கே வந்து, அதை நீக்கச் சொல்லிப் போராடியது. அந்த வாக்கியத்தைச் சொன்னவர் ஒரு வெள்ளையர் என்றும், 'அவர்கள்' என்று அவர் குறிப்பிட்டது மெக்சிகோ மக்களை என்றும் பாக்கா விளக்கினார். எதிர்க்க வந்தவர்கள் எதிர்த்தது தம் பக்கத்து வாக்கியத்தையே! வளைவுக்கு ஆதரவாக ஊர்க்காரர்களும் திரண்டார்கள், வரி நீக்கப்படவில்லை. எல்லாச் சுவருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானைப் போற்றி, 1984 போட்டிகளையொட்டி நெடுஞ்சாலை ஓரத்தில் அவர் வரைந்த ஓவியத்தின்மீது 2019-இல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள்.

அருங்காட்சியகக் கதவோ சிகானோக்களுக்கு எளிதில் திறக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில், சிகானோ கலைக்கு ஏன் இடமில்லை என்று ஹாரி கம்போவா கேட்டபோது, சிகானோக்கள் கலை படைப்பதில்லை, கும்பல்களில்தான் இருக்கிறார்கள் என்ற பொருளில் பதில் வந்ததாம். 'அஸ்கோ' என்ற சிகானோ கலைஞர் குழுவைச் சேர்ந்த கம்போவா, கிரான்க், வில்லி எர்ரோன் மூவரும் 1972-இல் இரவோடிரவாக அருங்காட்சியகத்தின் வெளியே ஸ்ப்ரே பெயின்டால் தங்கள் பெயர்களை எழுதினார்கள். கட்டடம் முழுவதும் தங்கள் படைப்பு என்று கையெழுத்திட்டதாக அதற்கு அர்த்தம். அதை நிர்வாகம் விரைவிலேயே அழித்துவிட்டது. 2011-இல் அதே அருங்காட்சியகம் அஸ்கோவின் பணிகளைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது. 2023-இல் பாக்கா அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் பெற்ற சில மாதங்களில், வாய்க்கால் சுவரை 1960-களின் வரலாற்றோடு நீட்டிப்பதற்கான புதிய பகுதிகளை, அவரும் அவர் குழுவினரும் அந்த அருங்காட்சியகக் கூடத்திலேயே, பார்வையாளர் கண்முன்னால் வரைந்தார்கள். அவை அங்கே மாட்டி வைப்பதற்கு அல்ல. துஹுங்கா வாய்க்காலுக்குப் போக வேண்டியவை.